வந்த பூனை வாய் வைக்கவில்லை என்றால்

புதிதாக வந்த பூனை முதல் நாள் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டிலுக்கடியில் கிடந்தால் பதற வேண்டாம். பெரும்பாலான பூனைகள் அப்படித்தான் இருக்கும். மறுநாள் மாலையும் அப்படியே கிடந்தால், "பழகினால் தானா திங்கும்" என்று விட்டுவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தில் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

குன்னத்தூர், ஊத்துக்குளி, பெருமாநல்லூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வேலை அதிகம். வந்திருப்பது தோட்டத்துச் சாளையில் பிறந்த குட்டியாக இருக்கலாம். திருப்பூரில் வாடகை வீட்டைக் காலி செய்தவர் கொடுத்துவிட்டுப் போன பெர்ஷியன் பூனையாக இருக்கலாம். அது வந்து சேரும் வீட்டில் ஓவர்லாக் மெஷின் ஒன்று இருக்கும், இல்லையென்றால் பிசிறு வெட்ட வந்த பண்டல் இருக்கும், அதுவும் இல்லையென்றால் பக்கத்து வீட்டு பவர்டேபிளில் இருந்து காற்றில் வந்த நூலாவது வாசலில் கிடக்கும். ஆகவே இங்கே பூனை சாப்பிடவில்லை என்றால் முதல் கேள்வி, பயமா, நூலா என்பது. என்ன கொடுக்கலாம் என்ற யோசனை அதற்கு அப்புறம்.

முதலில் நேரத்தைக் குறியுங்கள்

பூனை கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று பழைய வீட்டில் கேட்டு, காலண்டரில் எழுதுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. காலை 6 மணிக்குச் சாப்பிட்ட பூனை இரவு 9 மணிக்கு உங்களிடம் வந்தால், ஏற்கெனவே 15 மணி நேரம் கழிந்துவிட்டது.

• இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குட்டி: இரண்டு வேளை தவறினாலே அன்றைக்கே மருத்துவர். அதன் உடம்பில் சேமிப்பு கிடையாது. சர்க்கரை இறங்கி, உடல் குளிர்ந்து, துவண்டுவிடும்.
• இரண்டு முதல் ஆறு மாதக் குட்டி: 12 மணி நேரம்.
• வளர்ந்த பூனை: 24 மணி நேரம் எதுவும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் போனில் பேசுங்கள். 48 மணி நேரத்துக்குள் நேரில் காட்டியே ஆக வேண்டும்.
• கொழுத்த பூனை: 24 மணி நேரத்தைத் தாண்டவே விடாதீர்கள்.

கொழுத்ததற்கு மட்டும் ஏன் அவசரம்? தீனி நின்றதும் பூனையின் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்பும். பூனையின் ஈரலால் அத்தனையையும் சமாளிக்க முடியாது. கொழுப்பு அங்கேயே தேங்கி, சில நாளில் மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது என்ற அனுபவத்தைப் பூனைக்குப் பொருத்தக் கூடாது. இதற்கு மேல் தத்துவம் தேவையில்லை.

அரைகுறையாகச் சாப்பிடுவதும் கணக்கில் சேரும். வழக்கமான அளவில் பாதிகூட இறங்காமல் மூன்று நாள் ஓடினால், அதையும் சாப்பிடாத பூனையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கவே கூடாத அடையாளங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மணிக்கணக்கு பார்க்க வேண்டாம். உடனே கிளம்புங்கள்.

• திரும்பத் திரும்ப வாந்தி, வாயில் எச்சில் ஒழுகல், எதையோ விழுங்க முயல்வதுபோல் தொண்டையை அசைத்தல்
• வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்குவது
• வாயைத் திறந்து மூச்சு வாங்குவது
• ஈறு வெளுத்திருப்பது, அல்லது ஈறு, காதின் உள்பக்கம், கண்வெள்ளை ஆகியவை மஞ்சளாக இருப்பது
• கடுவன் பூனை திரும்பத் திரும்பச் சிறுநீருக்கு உட்கார்ந்தும் சொட்டுக்கூட வராதது. சிறுநீர்க் குழாய் அடைப்பு ஓரிரு நாளில் உயிரை வாங்கக்கூடியது
• தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் கழிச்சலும் சேர்ந்து வருவது

நூலைச் சோதிக்கும் முறை

பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலைத் துப்ப வராது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் நகர, நாடா இழுத்த பாவாடைபோல் குடல் சுருங்கிக்கொள்ளும். இழுவிசை கூடினால் நூல் குடலை அறுத்துவிடும். ஓவர்லாக் நூல், எலாஸ்டிக் துண்டு, ஊசியோடு கூடிய நூல் எல்லாமே இந்த வகைதான்.

1. பூனை வந்து சில மணி நேரம் கழித்து, அது கொஞ்சம் அடங்கியிருக்கும்போது பாருங்கள். பதறிச் சீறும் பூனையிடம் முயலாதீர்கள்.
2. ஒருவர் பெரிய துண்டில் பூனையைக் கழுத்துவரை சுற்றி மடியில் வைத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் போன் டார்ச்சைப் பிடிக்கட்டும்.
3. மேல்தாடையை ஒரு கையால் பிடித்து, மறுகை விரலால் கீழ்ப்பற்களின் முன்பக்கத்தை மெல்ல இறக்குங்கள். அதே கையின் கட்டைவிரலால் கீழ்த்தாடைக்கு நடுவே, வெளிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி லேசாக அழுத்தினால் நாக்கு உயரும். நாக்கின் அடிப்பகுதியைப் பாருங்கள்.
4. நூல் தெரிந்தால் கையை எடுங்கள். இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். அந்த முனையை வைத்துத்தான் மருத்துவர் வேலையைத் தொடங்குவார்.
5. பின்புறத்தில் தொங்கும் நூலுக்கும் இதே விதி. "கொஞ்சம்தானே தெரியுது" என்று இழுத்தால் உள்ளே குடல் கிழியும்.
6. பூனை கடிக்க வந்தால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் கை போவதைவிட மருத்துவர் பார்ப்பது மேல்.

வாயில் எதுவும் தெரியவில்லை என்பதால் வயிற்றிலும் இல்லை என்று ஆகாது. கூன்போட்டு உட்கார்ந்திருப்பது, வயிற்றைத் தொட்டால் முனகுவது, மலம் வராதது, குடித்த தண்ணீரையும் கக்குவது ஆகியவை சேர்ந்தால் நூல் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு புறப்படுங்கள். விளக்கெண்ணெய் கொடுத்து வெளியேற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். மாட்டிக்கொண்ட நூல் வழுக்காது, பேதிதான் கூடும்.

பயம் என்றால்: இடத்தைச் சரிசெய்யுங்கள்

நூல் சந்தேகம் இல்லை, மேலே சொன்ன அடையாளங்களும் இல்லை என்றால் பெரும்பாலும் பயம்தான். பயந்த பூனைக்கு எந்த மீனும் ருசிக்காது. ஆகவே தட்டை மாற்றுவதற்கு முன் அறையை மாற்றுங்கள்.

1. ஒரே ஒரு அறை கொடுங்கள். வீடு முழுவதையும் திறந்துவிட்டால் அது பீரோவுக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிடும். மெஷின் ஓடும் அறை வேண்டாம். ஓவர்லாக் மோட்டார் சத்தம் நமக்குப் பழகிப்போனது, அதற்கு இல்லை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஓடு போட்ட அறையும் சித்திரை வெயிலில் வேண்டாம். சூட்டில் பூனைக்குப் பசி தானாகவே குறையும்.
2. அறையில் ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள். நம் ஊரில் கார்ட்டனுக்குப் பஞ்சமில்லை. பேக்கிங் டேப், பிளாஸ்டிக் பட்டை எல்லாவற்றையும் உரித்துவிட்டு, பூனை நுழையும் அளவுக்கு ஒரு பக்கம் வாசல் வெட்டி, சுவரோரம் கவிழ்த்து வையுங்கள். 2014இல் வெளியான ஒரு நெதர்லாந்துக் காப்பக ஆய்வில், ஒளியப் பெட்டி கிடைத்த பூனைகளுக்கு மற்றவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்தது. செலவில்லாத மருந்து இது.
3. பெட்டிக்குள் பழைய வீட்டின் வாசனை உள்ள துணியைப் போடுங்கள். இல்லையென்றால் நீங்கள் உடுத்திக் கழற்றிய பனியன் ஒன்று, முழுசாக. கட்டிங் வேஸ்ட்டை மெத்தையாகப் போடும் பழக்கம் இங்கே உண்டு. பூனைக்கு அது வேண்டவே வேண்டாம்.
4. தட்டு ஒரு மூலை, தண்ணீர் அதிலிருந்து சில அடி தள்ளி, மணல் தட்டு எதிர்மூலை. மலம் கழிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பூனை சாப்பிடாது. மூன்றையும் ஒரே மூலையில் வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு.
5. ஆழமான கிண்ணம் வேண்டாம். மீசை இடிக்காத அகலத் தட்டு போதும்.
6. வைத்துவிட்டு வெளியே வாருங்கள். எட்டி எட்டிப் பார்க்காதீர்கள். "பூனை வந்திருக்காமே" என்று வரும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளை ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

பூனைக்கு விடியலும் அந்தி நேரமும்தான் சுறுசுறுப்பான நேரம். கம்பெனி வேனுக்குப் போகிறவர்களுக்கு இது ஒத்துவரும். காலை 5:30க்கு ஒரு வேளை, ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஒரு வேளை, படுக்கும்முன் ஒரு வேளை. ஆனால் முதல் இரண்டு நாளாவது பகலில் யாராவது வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை பூனையைக் கொண்டுவருவது நல்ல ஏற்பாடு.

குறிப்பு: உண்மையில் யார் சாப்பிட்டது?

காலையில் தட்டு காலி என்று மகிழ்வதற்கு முன் ஜன்னலைப் பாருங்கள். ஊர்ப் பூனையோ பெருச்சாளியோ வந்து தின்றுவிட்டுப் போயிருக்கலாம். இதற்கு நேர்மாறாக, எறும்பு மொய்த்த தட்டைப் பூனை தொடாது. நாம் பசியில்லை என்று நினைத்துக்கொள்வோம். தட்டத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் தீனித் தட்டை வையுங்கள். வைக்கும்போதும் எடுக்கும்போதும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். கண்மதிப்பு ஏமாற்றும்.

தீனி: எதை, எந்த வரிசையில்

முதல் வேளை: பழைய வீட்டில் தின்றதே. அங்கே தயிர்சாதம் தின்றிருந்தாலும் அதுவேதான். பூனையை வாங்கும்போதே அந்தத் தீனியில் நாலைந்து நாளைக்கானதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது வீடும் புதுத் தீனியும் ஒரே நாளில் வந்தால் பூனை இரண்டையும் மறுக்கும். அளவு ஒரு மேசைக்கரண்டி போதும். ஈரத் தீனியை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் வேளை: அதையே சூடாக்கிக் கொடுங்கள். பூனைக்குப் பசியைக் கிளப்புவது வாசனை. கிண்ணத்தை வெந்நீரில் சில நிமிடம் வைத்து, அதன் உடல் வெப்பமான 38 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொண்டுவாருங்கள். மணிக்கட்டில் வைத்தால் இளஞ்சூடாகத் தெரிய வேண்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காதீர்கள்.

மூன்றாம் வேளை: எலும்பில்லாத கோழியைத் தண்ணீரில் மட்டும் வேகவைத்து, நாராகப் பிய்த்து, வேகவைத்த நீரோடு கொடுங்கள். மத்தி கிடைத்தால் உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்துக் கொடுக்கலாம். பவானிசாகர் அணை மீன் என்றால் ஜிலேபி மீனின் முள்ளைக் கவனமாக எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் வீட்டுக் கோழிக் குழம்பு சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும்தான் தொடங்கும். இரண்டுமே பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகை கொண்டுவரும். குழம்பிலிருந்து கறியை எடுத்துக் கழுவிக் கொடுத்தாலும் தப்பில்லை என்று ஆகாது. தாளிப்பதற்கு முன்பே பூனையின் பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள். வெந்த எலும்பும் வேண்டாம், அது சிம்பு சிம்பாக உடையும். கருவாட்டு வாசனைக்கு எந்தப் பூனையும் ஓடி வரும். அதில் உள்ள உப்பை நினைத்தால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மூன்று வேளையும் தோற்றால்: கோழி வேகவைத்த நீரை ஒரு சொட்டு முன்னங்காலில் தடவுங்கள். தன் காலைச் சுத்தம் செய்ய நக்கும்போது ருசி தெரியும். சில பூனைகள் அதிலிருந்தே தொடங்கிவிடும். இதையும் உதறிவிட்டுத் திரும்பிப் படுத்தால், காலண்டரைப் பாருங்கள்.

இதற்குள் எட்டு வகைத் தீனியை வரிசையாக வைத்துப் பார்க்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு புது வகை வந்தால், எதை ஏன் மறுத்தது என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் சொல்ல முடியாது.

பால் குடிக்கிறதே?

மாடு கட்டியிருக்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பால் குடிப்பதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கழிச்சல் வரும். கழிச்சல் வந்தால் உள்ள கொஞ்ச நீரும் போய்விடும். தாயில்லாக் குட்டிக்கு மாட்டுப்பால் போதாது. மருந்துக் கடையிலோ செல்லப்பிராணிக் கடையிலோ கிடைக்கும் பூனைக்குட்டிப் பால்பவுடர் வாங்குங்கள். ஊத்துக்குளி வெண்ணெய் பக்கத்திலேயே கிடைக்கிறது என்பதற்காக அதையும் ஊட்ட வேண்டாம். நக்கும், வயிறும் கெடும்.

தயிர்சாதம் தின்னும் பூனைகள் நம் பக்கம் நிறைய. அவை வெளியே எலியும் பல்லியும் பிடித்துத் தின்பதால்தான் தாக்குப்பிடிக்கின்றன. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு இறைச்சியில் உள்ள டாரின் என்ற சத்து கட்டாயம். அது குறைந்தால் பூனையின் இதயத் தசை தளரும் என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987இல் காட்டினார்கள், கண்பார்வையும் போகும். ஆனால் சைவத் தீனியிலிருந்து மாற்றுவது சாப்பிடத் தொடங்கிய பிறகு செய்ய வேண்டிய வேலை. பழையதில் கால்பங்கு புதியது என்று தொடங்கி, 7 முதல் 10 நாளில் முழுதும் மாற்றுங்கள்.

செய்யவே கூடாதவை

வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். தீனி மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியா. அப்படி ஊட்டிய தீனியைப் பூனை பிறகு எப்போதுமே வெறுக்கும். சிரிஞ்சில் ஊட்ட வேண்டுமானால் மருத்துவர் ஒரு முறை செய்து காட்டிய பிறகு.

பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். காய்ச்சலாக இருக்குமோ என்று கொடுக்கும் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். கால் மாத்திரை, அரைக்கால் மாத்திரை என்ற கணக்கும் கிடையாது.

உண்ணி, தெள்ளுப்பூச்சி இருக்கிறது என்று மாட்டுக்கு அடிக்கும் மருந்தையோ, நாய்க்கு முதுகில் விடும் சொட்டு மருந்தையோ பூனைமேல் போடாதீர்கள். நாய் மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், வலிப்பு வரும். பூனைக்கு என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

வந்தவுடன் குளிப்பாட்டாதீர்கள். அழுக்கு ஒரு வாரம் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

மூக்கு அடைத்திருந்தால்

தும்மல், மூக்கொழுகல், கண்ணில் பூளை என்றால் சளிக்காய்ச்சல் கிருமியாக இருக்கும். வாசனை தெரியாததால் சாப்பாடு இறங்காது. இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் மூக்கையும் கண்ணையும் துடையுங்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்த பிறகு நீரை நிறுத்தி, பூனையோடு 10 நிமிடம் உட்கார்ந்திருங்கள். கொதிநீர்ச் சட்டியைப் பூனை முன் வைக்கவோ, தைலம் தடவவோ கூடாது. ஆவி பிடித்த கையோடு சூடான கோழியை வையுங்கள். பெரும்பாலும் அப்போது வாய் வைக்கும். மருந்து மருத்துவர் எழுத வேண்டியது.

மருத்துவரிடம் கொண்டுபோகும்போது

ஊர்க் கால்நடை மருந்தகங்களில் பெரும்பாலும் மாடும் ஆடும்தான் வரும். காய்ச்சல் பார்க்க, குளுக்கோஸ் ஏற்ற, குடற்புழு மருந்து கேட்க அங்கே போகலாம். எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவைசிகிச்சை தேவைப்படும் என்று தோன்றினால் திருப்பூர், ஈரோடு, கோவையில் உள்ள செல்லப்பிராணி மருத்துவமனைகளுக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போக வேண்டியிருக்கும். கிளம்பும் முன் போன் செய்து, பூனை பார்ப்பார்களா, அன்று மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இந்தத் தொலைபேசி எண்களைப் பூனை வருவதற்கு முந்தின நாளே எழுதி வைப்பது புத்திசாலித்தனம்.

1. மூடியுள்ள கூடை, அல்லது காற்றுத் துளை உள்ள பிளாஸ்டிக் பெட்டி. கட்டைப்பையில் போட்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் மாட்டிக்கொண்டு போனால், முதல் லாரி ஹாரனில் பூனை குதித்துவிடும்.
2. கூடைமேல் துணி போட்டு மூடுங்கள். இருட்டில் அடங்கியிருக்கும்.
3. வாந்தி, மலம், நடக்கும் விதம் ஆகியவற்றைப் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேசையில் பூனை எதையும் காட்டாது.
4. சொல்ல வேண்டியவை: கடைசியாகச் சாப்பிட்ட நேரம், தண்ணீர் குடித்ததா, சிறுநீர், மலம், எடை, தடுப்பூசி, வீட்டில் எலி மருந்து வைத்திருக்கிறீர்களா. "வீட்டில் நூல் வேலை நடக்கிறது" என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஊசி எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், வெறும் நூல் தெரியாது. குடல் சுருங்கிய விதத்தை வைத்தும் ஸ்கேனை வைத்தும்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். நீங்கள் சொன்னால்தான் அந்தத் திசையில் தேடுவார்.

எடை பார்க்க, நீங்கள் பூனையோடு எடைமெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் போதும். குட்டிக்குச் சமையலறைத் தராசு. 4 கிலோ பூனை 400 கிராம் இறங்கியிருந்தால் அது பெரிய இறக்கம்.

இத்தனைக்கும் நடுவில் பூனை கடித்தாலோ கீறினாலோ, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வீட்டுப் பூனைதானே என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. ரேபிஸ் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை.

சாப்பிடத் தொடங்கிய பிறகு

முதல் முறை தட்டைக் காலி செய்ததும் மறுதட்டு வைக்காதீர்கள். பட்டினி கிடந்த வயிற்றுக்குச் சிறிது சிறிதாக, ஒரு நாளைக்கு நாலைந்து வேளை. நன்றாகச் சாப்பிட்டு, மலம் கெட்டியாகி, சில நாள் ஆனதும் குடற்புழு மருந்தும் தடுப்பூசியும். நோயில் இருக்கும்போது தடுப்பூசி போட மாட்டார்கள். குட்டி என்றால் 8 வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது, 12 வாரத்துக்கு மேல் ரேபிஸ் ஊசி.

அறைக் கதவைத் திறந்து வீட்டுக்குள் விடுவதற்கு முன் ஒரு சுற்று வாருங்கள், பூனையின் உயரத்தில், குனிந்து. கோன்களை மூடியுள்ள டிரம்மில் போடுங்கள். மெஷினில் கோத்த நூலை வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். ஊசிகளைக் காந்தத்தால் துழாவி எடுங்கள். வேஸ்ட் சாக்கின் வாயைக் கட்டுங்கள், கட்டிய கயிற்றின் முனையை உள்ளே செருகுங்கள். சாமிப் படத்திலிருந்து எடுத்த காய்ந்த பூச்சரம், தலையிலிருந்து கழற்றிய மல்லிகைச் சரம் இரண்டும் கட்டிலுக்கடியில் கிடக்கக் கூடாது, அதிலும் நூல்தான். எல்லாவற்றையும்விட மோசமானது ஓட்டல் பார்சல் கட்டிய நூல். அதில் குழம்பு வாசனை ஏறியிருக்கும், பூனை தேடிப்போய் விழுங்கும். பார்சலைப் பிரித்த கையோடு அந்த நூலைச் சுருட்டி, மூடியுள்ள குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பிறகு சாப்பிட உட்காருங்கள். புது பண்டல் வந்து இறங்கும் நாளிலும், எண்ணிப் பிரித்து அடுக்கி முடியும்வரை, பூனை அதன் அறையிலேயே இருக்கட்டும்.